பல் பார்க்கும் திசை

புனேயில், கட்கி பஜாருக்குப் பின்னால், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது ஐசக்கின் வீடு. அந்த வீட்டு முன்னறையில் சோபா கிடையாது. சோபா கிடந்த இடத்துச் சுவரில் பத்தொன்பது செயின் சாக்கள் தொங்குகின்றன. செயின் சா என்றால் மரம் அறுக்கிற மோட்டார் ரம்பம். நீளமான தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடும். எல்லாம் நாற்பது ஐம்பது வருஷப் பழசு. பழைய இரும்பு விற்கும் பங்கார் கடைகளில் துருவாகக் கிடந்ததை எல்லாம் கொண்டுவந்து, கழுவி, ராவி, உயிர் கொடுத்து மாட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றபடியே பார்க்க வேண்டும், நின்றபடியே ஒவ்வொன்றின் வரலாற்றையும் கேட்க வேண்டும். அறுவை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்பதை அந்த அறையில் கால் கடுக்க நின்றவர்கள் நன்றாக அறிவார்கள். பத்தொன்பது ரம்பங்களும் சேர்ந்து இதுவரை ஒரு முருங்கைக் குச்சியைக்கூட அறுத்ததில்லை. அறுபட்டதெல்லாம் விருந்தாளிகள்தான்.

மனைவி ஜெரால்டின் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினாறாவது ரம்பம் ஆட்டோவில் வந்து இறங்கிய அன்று அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அறுக்கமாட்டாதவன் கையில அம்பத்தெட்டு அரிவாளாம். இன்னும் நாப்பத்திரெண்டு வாங்கிட்டியன்னா கணக்கு சரியாயிரும்" என்றாள்.

ஐசக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் தைத்ததை வெளியே காட்டுகிற ஆள் இல்லை அவர். "அறுக்கது கூலிக்காரன் சோலி. ஓட வைக்கதுதான் ஃபிட்டர் சோலி. உனக்கு எங்க புரியப்போவுது" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவருடைய தாத்தா நாசரேத்திலிருந்து பட்டாளத்துச் சமையல்காரராகப் புறப்பட்டுக் கட்கியில் கரை ஒதுங்கியவர். ஐசக் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். வாயைத் திறந்தால் நாசரேத்துத் தமிழ். நடுவே மராட்டி வந்து புகுந்துகொள்ளும். போசரியில் எஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் முப்பத்தைந்து வருஷம் வேலை. மற்ற எல்லாப் பிரிவுக்கும் வேண்டிய அச்சுகளையும் பிடிப்புகளையும் செய்து கொடுக்கிற இடம் அது. டூல் ரூம்காரர்களுக்கு மற்றப் பிரிவுக்காரர்கள் என்றால் இளக்காரம். ஐசக்குக்கு டூல் ரூம்காரர்கள் என்றாலும் இளக்காரம். டிப்ளமா படித்தவனுக்குக் கை வேலை தெரியாது, பட்டம் படித்தவனுக்கு எதுவுமே தெரியாது, மேனேஜருக்குத் தனக்குத் தெரியாது என்பதே தெரியாது. இந்த மூன்று வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷத்தை ஓட்டிவிட்டார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த எந்த ஃபிட்டருக்கும் முதல் நாள் ஐசக்கிடம் ஒரு பரீட்சை உண்டு. ஆக்சா ஃப்ரேமையும் பிளேடையும் கையில் கொடுத்து, மாட்டு என்பார். இரும்பு அறுக்கிற அந்த பிளேடை இரண்டு பக்கமும் மாட்டலாம். ஆனால் தள்ளும்போதுதான் அது அறுக்கும் என்பதால், பல் கைப்பிடியை விட்டு விலகி முன்னால் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டியவன் தொலைந்தான். பிளேடை ஒரு நூலில் கட்டி அவன் கழுத்தில் மாட்டிவிடுவார். சாயங்காலம் சைரன் ஊதும்வரை அதோடுதான் அவன் நடமாட வேண்டும். "பல்லு உன்னப் பாக்கப்படாது. உன்னப் பாத்து இளிச்சுதுன்னா நீ ஃபிட்டர் இல்ல" என்பது அவருடைய வேதவாக்கு. கம்பெனி அவரை மறந்து ஐந்து வருஷம் ஆகிறது. அந்த வாக்கியத்தை மட்டும் அங்கே இன்னும் யாராவது சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

ரம்பப் பைத்தியம் பிடித்தது ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பழைய சாமான் விற்கும் ஜூனா பஜார் பக்கம் போனவர், சாக்குவிரிப்பின் மேல் ஒரு துருக்கட்டியைப் பார்த்தார். தகடும் இல்லை, சங்கிலியும் இல்லை, வெறும் எஞ்சின். கடைக்காரன் அதைத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் என்றான். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும், எந்த வழியாக வெளியே வரும் என்று ஐசக் கேட்டார். கடைக்காரன் முழித்தான். ஒரு முட்டாளை அவன் கடையிலேயே வைத்து முட்டாள் என்று நிரூபித்த சந்தோஷத்தில்தான் ஐசக் அதை வாங்கினார். டீசலில் மூன்று வாரம் ஊறப்போட்டார். உள்ளே இறுகிக் கிடந்த பிஸ்டனை மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினார். காய்ந்துபோன கார்புரேட்டர் ஜவ்வுக்குப் பதிலாகப் புது ரப்பர் ஷீட்டை வெட்டிப் போட்டார். நாலு மாதம் கழித்து, கட்டடத்தின் பின்பக்கத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தபோது அது படபடவென்று பிடித்துக்கொண்டது. மேல்வீட்டுக்காரி தொட்டியோடு துளசியை உள்ளே எடுத்து வைத்தாள். ஐசக்கின் கண் கலங்கிவிட்டது. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். புகை பட்டது என்பார்.

வேலை தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. எந்தச் செத்த எஞ்சினையும் ஐசக் பேச வைத்துவிடுவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு ரம்பத்தை இறக்கி, இரண்டு நிமிஷம் காற்றில் ஓடவிட்டு, துடைத்துத் திரும்ப மாட்டுவார்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் வாங்கிய ரம்பங்களில் பதினொன்று சங்கிலியோடு வந்தவை. பதினொன்றிலும் பல் தலைகீழ். மரத்தின் மேல் வைக்கிற அடிவிளிம்பில் பல்லெல்லாம் ஆளைப் பார்த்து நின்றது. "ஒருத்தனுக்காவது மாட்டத் தெரிஞ்சிருக்கா பாத்தியா. பதினொரு பேரும் பதினொரு மடையன்" என்று ஜெரால்டினிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி, ஒவ்வொன்றையும் கழற்றி, பல் தன்னைப் பார்க்காதபடி திருப்பி மாட்டினார். சங்கிலி இல்லாமல் வந்தவற்றுக்குப் புதுசு வாங்கி அதே மாதிரி மாட்டினார். ஜெர்மனியில் செய்த இரண்டு ரம்பங்களின் உடம்பிலேயே சங்கிலி எப்படி மாட்ட வேண்டும் என்று சின்னதாகப் படம் வார்த்திருந்தது. அதுவும் அவர் கணக்குப்படி தலைகீழ். ஜெர்மன்காரனுக்கு எஞ்சின் செய்யத் தெரியும், படம் போடத் தெரியாது என்று முடிவு கட்டி, அதன் மேல் இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிட்டார்.

இந்தப் பைத்தியம் புனேயில் இன்னொருவனுக்கும் பிடித்திருந்தது. முகுந்த், கோயம்புத்தூர்க்காரன், நாற்பது வயதை எட்டிக்கொண்டிருப்பவன், ஹடப்சரில் சாஃப்ட்வேர் வேலை, பதினோராவது மாடியில் குடியிருப்பு. அவனிடம் இருந்தது நாலே நாலு ரம்பம். நாலையும் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் பழைய கையேட்டைத் தேடிப்பிடித்து, அச்செடுத்து, வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவான். புத்தகம் பார்த்துச் சோறு பொங்குகிறவன் என்று ஐசக் அவனுக்குப் பேர் வைத்திருந்தார். முகுந்துக்கோ ஐசக் மேல் அபார மரியாதை. அதுவும் ஐசக்குக்குப் பிடிக்கவில்லை.

பழைய இயந்திரப் பிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. இருநூறு பேருக்கு மேல், முக்கால்வாசி மராட்டிக்காரர்கள். போன ஃபிப்ரவரியில் முகுந்த் அதில் தன்னுடைய சிவப்பு ரம்பத்தின் படத்தைப் போட்டான். ஐசக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். அடிவிளிம்பில் பல் ஆளைப் பார்த்தது.

'செயின் உல்டா. கீபோர்டு தட்டுகிறவர்கள் கீபோர்டையே தட்டினால் நாட்டுக்கு நல்லது' என்று மராட்டியில் போட்டார்.

நாற்பத்தாறு பேர் சிரித்த முகம் வைத்தார்கள். எத்தனை என்று ஐசக்கே விரல் வைத்து எண்ணினார். முகுந்த் மட்டும், 'நன்றி சார், மாத்திடறேன்' என்று பதில் போட்டான்.

செப்டம்பர் கடைசி மழையில் கட்கித் தமிழ்ச் சபையின் வளாகத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. மரம் வெட்டுகிறவர்கள் வந்து கிளைகளைக் கழித்து, விறகுக்கு ஆனதை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு, அடிமரத்துக்குப் பெரிய மெஷின் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அக்டோபர் இரண்டாவது ஞாயிறு அறுப்பின் பண்டிகை. வருஷத்தில் ஒரு நாள், ஒவ்வொரு குடும்பமும் தன் உழைப்பின் முதற்பலன் என்று காயோ கனியோ கோழியோ கொண்டுவந்து ஆலயத்தில் படைக்கும். பிறகு எல்லாருக்கும் ஒரே பந்தலில் அசனம், அதாவது பொதுச் சாப்பாடு. பந்தல் போடுகிற இடத்தில்தான் மரம் படுத்துக் கிடந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் வசந்தகுமார், "மார்க்கெட் யார்டு பக்கம் ஒரு மிஷின்காரன் இருக்கான், வரச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

ஐசக் கமிட்டியில் இல்லை. ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்தொம்பது மிஷின் வச்சிருக்கவன் இங்கன இருக்கேன். ஊருக்குள்ள போயி ஆள் தேடுதியளோ?" என்றார்.

போதகர் ஜான் சிரித்தார். "அண்ணே, அந்தச் சாமானெல்லாம் காட்சிக்குன்னுல்ல நெனச்சோம்."

அந்த ஒரு சொல்தான். காட்சிக்கு. முப்பத்தைந்து வருஷம் வேலை செய்த கையைப் பார்த்து, பதினோராவது மாடிக்காரனைச் சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் அவர் இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் வைத்த மெஷின் நிற்கிறது. சபையில் அவர் பேச ஆரம்பித்தால் ஆட்கள் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடுகிறார்கள். வீட்டில் அரிவாள் கணக்கு. இந்த மரத்தை இந்தக் கையால் துண்டு போட்டுக் காட்டாவிட்டால், தான் சொன்னது எதற்கும் இனி மரியாதை இல்லை என்று ஐசக்குக்குப் பட்டது. நெஞ்சுக்குள் உண்மையாகவே வலித்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் துண்டு போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே முகுந்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, சனிக்கெழம சர்ச்சுக்கு வா. ரம்பம்னா என்னன்னு பாத்துட்டுப் போ."

"கண்டிப்பா வர்றனுங்க சார். என்னோடதையும் எடுத்துட்டு வரட்டுங்களா, ஒரு ஒத்தாசைக்கு?"

"கொண்டா, கொண்டா. வேடிக்கை பாக்கட்டும் அதுவும்" என்றார் ஐசக்.

சனிக்கிழமை வளாகம் நிறைய ஆள். ஒரு பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள், ஜெரால்டினும் அங்கேதான். பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிவிட்டு, மரம் எப்போது நகரும் என்று பீடி குடித்தார்கள். ஐசக் தன் ரம்பங்களிலேயே பெரியதை, பட்டாளத்தில் கழித்துப்போட்டதை, புது பெயின்ட் மினுங்கக் கொண்டுவந்திருந்தார். முதலில் பத்து நிமிஷம் அதன் வரலாறு. பிறகு கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் வளாகமே அதிர்ந்தது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஐசக் முகுந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரம்பத்தை அடிமரத்தின் மேல் வைத்தார்.

புகை வந்தது.

அவர் இன்னும் அழுத்தினார். இன்னும் புகை வந்தது. பட்டை கருகி, உள்மரம் கருகி, அடுப்பில் மறந்த தோசை வாசம் கிளம்பியது. தூள் பறக்கவில்லை, துண்டு தெறிக்கவில்லை. ரம்பத்தை எடுத்துப் பார்த்தால் மரத்தில் விரல் கனத்துக்கு ஒரு கரிக்கோடு.

"பச்ச மரம். தண்ணி குடிச்சுக் கெடக்கு" என்றார் ஐசக். அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக ராவினார். கால் மணி நேரம் ஆயிற்று. மறுபடி வைத்தார். மறுபடியும் புகை. இந்த முறை தூங்குமூஞ்சி மரமே கோளாறு, அதன் நார் ஒரு மாதிரி என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்து தரை கோணல் என்று சொல்வதுதான் பாக்கி.

"அண்ணே, அறுக்கியளா, வாட்டுதியளா?" என்று வசந்தகுமார் கேட்டார். "வாட்டுததுன்னா கோழியக் கொண்டாரச் சொல்லுதேன்."

கத்தரிக்காய் வட்டம் முழுவதும் சிரித்தது. பந்தல்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, அவர்களும் சிரித்தார்கள். மரம் இருந்தபடியே இருந்தது. அன்று அந்த ரம்பம் அறுத்த முதல் பொருள் அதன் சொந்தக்காரர் மூக்குதான்.

"சார், நான் ஒரு தடவ வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்றான் முகுந்த். ஐசக் விலகி நின்றார். சிவப்பு ரம்பம் சமர்த்தாக ஸ்டார்ட் ஆயிற்று. அதே கரிக்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதே புகை.

ஐசக்குக்குப் போன உயிர் வந்தது. "நான் சொன்னேம்லா. மரந்தான் கோளாறு. எவன் வந்தாலும் இதுதான் கதி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

முகுந்த் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் குழப்பத்தோடு அதையே பார்த்தான். "இல்லீங்க சார், இது நல்லா அறுக்குமுங்க. எங்க மாமனார் தோட்டத்துல கெடந்த ரம்பமுங்க இது. இங்க கொண்டுவர்றதுக்கு முன்னாடி அங்கயே ஒரு வேப்பமரத்த அறுத்துப் பாத்தனுங்க, வாழத்தண்டு கணக்கா எறங்குச்சு. அப்புறம் நீங்க குரூப்புல சொன்னீங்கன்னு செயினத் திருப்பிப் போட்டனுங்க. போட்டதுக்கு அப்புறம் இன்னிக்குத்தான்..."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்து குனிந்துகொண்டான்.

ஐசக் தன் ரம்பத்தின் பக்கத்தில் குந்தினார். சங்கிலி சூடாக இருந்தது. எஞ்சின் சுழற்றுகிற திசையில் அதைக் கையால் மெல்ல நகர்த்திப் பார்த்தார். மேல்விளிம்பில் முன்னே போன சங்கிலி, தகட்டின் மூக்கைச் சுற்றிக்கொண்டு, அடிவிளிம்பில் அவரை நோக்கித் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு பல்லும் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது. ஆக்சா பிளேடு தள்ளும்போது அறுக்கும். இது இழுக்கும்போது அறுக்கும். இவ்வளவுதான் சங்கதி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு நகர்த்திக் காட்டினால் அது சொல்லிவிடும். ஏழு வருஷம், பத்தொன்பது ரம்பம். பதினொரு பேர் சரியாக மாட்டிக் கொடுத்ததை மடையன் மடையன் என்று சொல்லித் திருப்பியவர் அவர். ஜெர்மன்காரன் படம் போட்டே காட்டினான். அதற்குப் பெயின்ட் அடித்தார். புத்தகம் பார்த்துச் சரியாக மாட்டிய ஒருவனை இருநூறு பேர் முன்னால் சிரிக்க வைத்து, அவனுடையதையும் கெடுத்து வைத்தார்.

முகுந்த் தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, தரையைப் பார்த்தபடியே அவரிடம் நீட்டினான்.

ஐசக் வாங்கிக்கொண்டார். இரண்டே நட். மூடியைக் கழற்றி, சங்கிலியை எடுத்து, திருப்பி மாட்டினார். அடிவிளிம்பில் பல்லெல்லாம் வரிசையாக அவரைப் பார்த்து இளித்தன. கயிற்றை இழுத்து மரத்தில் வைத்தார். தேங்காய்த் துருவல் மாதிரி மரத்தூள் பீறிட்டு அவர் செருப்பை மூடியது. ரம்பம் தன் கனத்திலேயே இறங்கியது. முதல் துண்டு தொப்பென்று விழுந்தபோது வளாகமே கைதட்டியது.

"ஐசக் அண்ணன் கை வச்சா சும்மாவா" என்றார் போதகர்.

வசந்தகுமார் குனிந்து பார்த்தார். "என்னதாண்ணே கோளாறு?"

"செயின் உல்டா."

"யாரு மாட்டினது?"

முகுந்த் வாயைத் திறந்தான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத்தான் திறந்தான். அவன் அந்த ரகம். போட்டுக்கொண்டிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள், கீபோர்டு தட்டுகிறவன்தானே. ஒரு மூச்சு விடும் நேரம் ஐசக் அந்தப் பொய்யை ஆசையோடு பார்த்தார்.

"நாந்தான்" என்றார்.

"அப்ப வீட்ல இருக்க பதினெட்டும்?" என்றார் வசந்தகுமார்.

கத்தரிக்காய் வட்டத்திலிருந்து ஜெரால்டின் சொன்னாள். "பதினெட்டுந்தான்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஐசக் தலையைத் தூக்காமல் மரத்தை அறுத்தார். நடுவே ஒரு தரம் நிறுத்தி, "உங்களதையும் திருப்பிப் போடுங்க, சேந்தே அறுப்போம்" என்று முகுந்திடம் சொன்னார். தம்பி, நீ, வா, போ என்றே இரண்டு வருஷம் பேசி வந்தவர் வாயில் அந்த 'உங்க' கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் வந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு பேருமாக அடிமரத்தைத் துண்டு துண்டாக உருட்டிவிட்டார்கள். பந்தல் எழும்பியது. மறுநாள் அசனத்தில் ஐசக் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார அன்றைக்குத்தான் ஆள் வந்தது.

மரத்துண்டுகளை உட்காரும் கட்டையாகப் போட்டுக்கொள்ள ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். ஜெரால்டினும் ஒன்றை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை ஐசக் எழுந்து வந்தபோது அது முன்னறையில், பழைய சோபா இருந்த இடத்தில், ரம்பங்களுக்கு நேர் கீழே இருந்தது. கருகின கோடு விழுந்த துண்டு.

"எதுக்கு இது?" என்றார்.

"ஏழு வருசத்துல மொத மொத வந்தது. முதற்பலன் இல்லையா?" ஜெரால்டின் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. போகிறபோது குனிந்து கட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். "கரிப் பக்கம் உங்களப் பாக்கட்டும்."

அவள் போன பிறகு ஐசக் அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தால் கரி தெரியவில்லை, காலில் ஒட்டியது. சற்று நேரம் கழித்து எழுந்து, சுவரில் முதல் ஆணியில் தொங்கிய ரம்பத்தை, ஜூனா பஜார்க் கடைக்காரன் தண்ணீர் மோட்டார் என்று சொன்னதை, இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, நட்டைத் திருக ஆரம்பித்தார்.